நட்டுக்கு மட்டும் வந்த காய்ச்சல்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். என் விரலில் ஒரு சின்னக் கொப்புளம் இருக்கிறது, அதை ஒரு குறையாகச் சொல்லக்கூடாது. சம்பந்தியம்மாவின் கால் கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? என் மகள் அங்கே கூடமாட உதவியாக இருக்கிறாளா, அல்லது வந்த இடத்திலும் உங்கள் வீட்டுக் குழாய்களைக் கழற்றிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் நான் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். எழுபத்தொரு வயதில் ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. இந்தப் பத்தியைத் தொடங்கும்போது பக்கத்தில் வைத்த காபி சூடாக இருந்தது, இப்போது அதில் ஈ நீந்துகிறது. இதுவரை என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச்சொல்ல என் வீட்டுக்காரி எழுதியவை. நான் சொன்னதைத்தான் எழுதினாளா என்பது வேறு கதை. எழுத்துக் கூட்டப் பழகியதும் பரணிலிருந்து உங்கள் பழைய கடிதங்களை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். சம்பந்தம் பேசிய காலத்தில், "தங்கள் கைத்திறனைப் பற்றி எல்லோரும் உயர்வாகப் பேசக் கேட்டேன்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவள் அன்று எனக்குப் படித்துக் காட்டியதில் அந்த வரி கிடையாது. ஏன் விட்டாய் என்று கேட்டேன். "அன்னைக்கே அதைப் படிச்சிருந்தா உங்களை வீட்டுல வச்சிருக்க முடியுமா?" என்றாள்.

போனில் சொல்லாமல் இவ்வளவு சிரமப்பட்டு எழுதுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வீட்டில் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவீர்கள். பக்கத்தில் என் மகள் இருப்பாள். இந்தச் செய்தி அவள் காதுக்கு என் வாயிலிருந்து போனால் நான் தொலைந்தேன். உங்கள் வாயிலிருந்து, பக்குவமாக, அவள் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். காரியம் இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பட்டறைச் சாவி என் கையை விட்டுப் போகாமல் இருக்க நீங்கள் எனக்காகப் பேசவேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அவளுடைய பம்பு பட்டறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் சாவி இரண்டு. ஒன்று அவளிடம், ஒன்று என் இடுப்பில். உங்கள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "அப்பா, நான் வர பத்து நாளாகும். பட்டறையைத் திறங்க, கூட்டுங்க, ரேடியோ கேளுங்க, வர்றவங்ககிட்ட வாய் வலிக்கப் பேசுங்க. கேஸ் டார்ச்சை மட்டும் தொடாதீங்க." "தொட்டா?" என்றேன். "தொட்டா சாவியைக் குடுத்துட்டு மாடியில உக்காந்து பேப்பர் படிங்க. இப்பதான் படிக்கத் தெரியுமே!" என்றாள். கற்ற கல்வி இப்படித் தண்டனையாகத் திரும்பும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. என் கை இப்போதெல்லாம் கொஞ்சம் நடுங்குகிறது. போன மாதம் வேலை முடிந்ததும் டார்ச்சை ஒழுங்காக அணைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த துணியைத்தான் அணைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் என் நிலைமையை நினைத்துப் பார்க்கவேண்டும். முப்பத்தெட்டு வருஷம் பழைய இரும்புக் கடையில் இரும்பை அறுக்கிற கேஸ் டார்ச் பிடித்தவன் நான். பஸ், பாய்லர், பாலத்துக் கம்பி என்று எதையெல்லாமோ துண்டு துண்டாக அறுத்திருக்கிறேன். அங்கே எனக்குப் பெயரே 'பொறி'. மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் ஒரு கிழவன். அந்தப் பட்டறைக்குள் போய் ஒரு ஸ்பேனரைத் துடைத்து மாட்டினால்கூட நான் ஒரு ஆள். சாவி என்பது எனக்கு வெறும் சாவி அல்ல, சம்பந்தி.

அவள் போன மூன்றாம் நாள் காலையில் பக்கத்துத் தெரு ஐந்து மாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன் ஒரு தள்ளுவண்டியில் பம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஐம்பது வயது இருக்கும். பயில்வான் உடம்பு, ஆட்டுக்குட்டி மனசு. "அக்கா இருக்காங்களா ஐயா?" என்றான். ஊரில் இல்லை என்றேன். அப்படியே வண்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான். "தொட்டியில இருக்கிற தண்ணி மத்தியானம் வரைக்கும்தான் வரும். அப்புறம் அஞ்சு மாடியும் என் தலையில இறங்கும்" என்றான். அப்போது நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? வேறு கடைக்குக் கொண்டுபோ தம்பி என்று சொல்லியிருக்கவேண்டும். மூளை அதைத்தான் சொன்னது. வாய், "இறக்கி வை, பாத்துடலாம்" என்றது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பேரிங் போயிருந்தது. பேரிங்கை மாற்ற வேண்டுமானால் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைக் கழற்றவேண்டும். விசிறியைக் கழற்ற அதைத் தண்டோடு பிடித்துவைத்திருக்கிற ஒரே ஒரு நட்டைக் கழற்றவேண்டும். எலுமிச்சம்பழம் அளவு நட்டு. துருப்பிடித்துத் தண்டும் நட்டும் ஒன்றாகப் பிறந்தது போல இருந்தது. ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். வரவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு நீளப் பைப்பைச் செருகி வாட்ச்மேனை இழுக்கச் சொன்னேன். அவன் இழுத்த இழுப்பில் மேஜை நகர்ந்தது, மேஜையோடு நான் நகர்ந்தேன், சுவரில் இருந்த கடிகாரம் விழுந்தது, நட்டு இருந்த இடத்தில் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். ஊறிய நட்டு பளபளவென்று அழகாக ஆனதே தவிர அசையவில்லை. சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினோம். தட்டிய சத்தத்தில் என் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "கழட்டுறீங்களா, இல்ல செத்துப்போச்சான்னு பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

சூடு காட்டாமல் இது வராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூலையில் கேஸ் டார்ச் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். என் மகள் என்னைத்தானே தொடக்கூடாது என்றாள், வாட்ச்மேனைச் சொல்லவில்லையே என்று தோன்றியது. ஆகவே அவனைக் கூப்பிட்டு டார்ச்சை அவன் கையில் எடுக்கச் சொல்லி, அவனையே பற்றவைக்கச் சொல்லி, நான் இரண்டடி தள்ளி நின்று ஒரு நீளக் குச்சியால் இங்கே காட்டு, அங்கே காட்டு என்று வழிகாட்டினேன். சட்டப்படி நான் டார்ச்சைத் தொடவில்லை. ஆனால் சம்பந்தி, அந்தப் பெரிய உடம்புக்காரன் தீயைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவன் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு அவன் காட்டியதில் முதலில் பம்பின் பெயிண்ட் உரிந்து புகைந்தது, பிறகு என் குச்சி பற்றிக்கொண்டது, பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை கறுத்தது. இவன் கையில் இருந்தால் வீடு மிஞ்சாது என்று பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கினால் தொட்டதாகத்தானே அர்த்தம்? ஆம், தொட்டேன். தொட்டது மட்டுமல்ல, தொட்டபிறகு வைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெருப்பை நான் எப்போதும் தாழ்த்திப் பேசமாட்டேன். அது சாதாரணமானதா, சொல்லுங்கள்! காற்றைக் கூட்டக்கூட மஞ்சள் போய் நீலம் வரும், நீலத்தின் நடுவில் இன்னொரு சின்ன நீலம் ஊசிபோல் நிற்கும், அந்த ஊசி முனையில்தான் மொத்த சூடும் உட்கார்ந்திருக்கும். சத்தத்திலேயே சொல்லிவிடும், இப்போது கோபமாக இருக்கிறேன், இப்போது சாந்தமாக இருக்கிறேன் என்று. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அது எனக்குச் சலித்ததில்லை. ஆனால் அறுப்பது வேறு, கழற்றுவது வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய இரும்புக் கடையில் நாங்கள் எந்த நட்டையும் கழற்றியதே இல்லை. வரவில்லையா, அறு. அவ்வளவுதான் எங்கள் படிப்பு. இங்கே அறுக்கவும் கூடாது, கழற்றவும் வேண்டும். கால்மணி நேரம் காட்டினேன். நட்டு சிவந்தது. தண்டும் சிவந்தது. விசிறியும் சூடேறியது. வாட்ச்மேன் ஸ்பேனரைப் போட்டு இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற இரண்டு பேரும் சேர்ந்தே பருத்தால் பிடி எப்படித் தளரும்? நட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் சீல் மட்டும், எனக்கென்ன வேண்டியிருக்கிறது என்று உருகி வழிந்து கீழே சொட்டியது.

அந்த நேரம் பார்த்து அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சரம்மா கையில் பிளாஸ்டிக் வாளியோடு வந்துவிட்டார். தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாமல், பம்பு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி வேணும்னா நெருப்பு வைக்கிறீங்களே பெரியவரே, இது எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்?" என்றார். பதில் சொல்ல மரியாதையாகத் திரும்பினேன். நான் திரும்பினால் கையில் இருக்கிறதும் திரும்பும் அல்லவா? வாளியாக வந்தது, தட்டாகத் திரும்பிப் போனது. உள்ளே இருந்த தண்ணீர் பட்டறை முழுக்க ஓடியது. என் வீட்டுக்காரி இறங்கி வந்தாள். "பொண்ணு என்ன சொல்லிட்டுப் போனா?" "டார்ச்சைத் தொடாதேன்னு." "இப்ப கையில இருக்கிறது என்ன, பூங்கொத்தா?" நான் அணைத்துவிட்டேன். துணி, குச்சி, போர்வை எல்லாவற்றையும் இந்த முறை மறக்காமல் அணைத்தேன்.

மறுநாள் காலை அவள்தான் உங்கள் பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். இங்கே நான் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டும். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் அந்த இண்டக்‌ஷன் ஹீட்டரைக் கொடுத்து, "துருப்பிடிச்ச நட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது, நெருப்பே இல்லாத சூடு" என்று சொன்னீர்கள். நான் கைகூப்பி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "மின்சார இலாகாவில வேலை பாத்தவருக்கு எதுக்கெடுத்தாலும் கரண்டுதான். இது முடி உலர்த்துற மிஷின்" என்று சொல்லிக் கட்டில் அடியில் தள்ளினேன். 'இண்டக்‌ஷன்' என்று ஒவ்வொரு தடவையும் எழுத எனக்குக் கை வலிப்பதால் இனி 'பெட்டி' என்றே எழுதுகிறேன். குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். இப்போது அந்தச் சொல்லை மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

பெட்டியோடு நீங்கள் உங்கள் கையாலேயே தமிழில் எழுதிவைத்திருந்த நாலு பக்கக் குறிப்பும் இருந்தது. என் வீட்டுக்காரி படிக்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. எனக்கு எழுதியதை நான்தான் படிப்பேன் என்று உட்கார்ந்தேன். உங்கள் கையெழுத்து, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், புயலில் சாய்ந்த மின்கம்பங்கள் மாதிரி இருக்கிறது. முதல் பக்கம் முழுவதும் மின்சாரத்தின் பெருமை. அதை முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் பக்கத்தில் பொத்தானை எங்கே அழுத்துவது என்று வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. பொத்தான் தெரிந்தபிறகு இன்னும் என்ன படிப்பு? ஒரு பழைய நட்டை இடுக்கியில் பிடித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த செப்புச் சுருளுக்குள் விட்டு அழுத்தினேன். ம்ம்ம் என்று ஒரு சத்தம், வயதான பூனை தூங்குவது போல. அவ்வளவுதான். தீ இல்லை, புகை இல்லை, வாசனை இல்லை. வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபோது என் விரலில் தேள் கொட்டியது.

தேள் இல்லை, மோதிரம். கல்யாணத்துக்கு நானே இரும்பில் கடைந்து போட்டுக்கொண்ட மோதிரம். முப்பது வருஷமாக விரலை விட்டுக் கழற்ற முடியாமல் இருந்தது. எண்ணெய், சோப்பு, நூல் எல்லாம் போட்டுப் பார்த்து விட்டுவிட்டோம். சுருளுக்குப் பக்கத்தில் இருந்த விரலில் அது சூடாகி, நான் அலறி உதறிய உதறலில் பறந்துபோய் வாட்ச்மேனின் டீ கிளாஸில் விழுந்து சுர்ரென்றது. வாட்ச்மேன் கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மீதி டீயைக் கீழே வைத்துவிட்டான். என் வீட்டுக்காரி என் விரலைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "முப்பது வருஷமா என்னாலயே முடியல. சம்பந்தி மிஷின் ரெண்டே நொடியில உங்களை என்கிட்டேருந்து கழட்டிடுச்சு." பிறகு குறிப்பை எடுத்து அவளே புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில், இரண்டு கோடு போட்டு, "மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றை முதலில் கழற்றிவிடவும்" என்று இருக்கிறது. முதலில் செய்யவேண்டியதை மூன்றாம் பக்கத்தில் எழுதுவது என்ன முறை, சம்பந்தி? அடுத்த முறை யாருக்கு எழுதினாலும் மின்சாரத்தின் பெருமையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கொப்புளத்தோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மோதிரம் ஏன் வந்தது? மோதிரம் சூடாகிப் பருத்தது. விரல் பருக்கவில்லை, அதற்குள் கழன்றுவிட்டது. நட்டும் அப்படித்தானே! கேஸ் டார்ச் வெளியே நின்று எல்லோரையும் சேர்த்துச் சுடுகிறது. கல்யாண வீட்டில் ஒருத்தரைக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது போல. உங்கள் பெட்டி நட்டின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்கிறது. நட்டுக்கு மட்டும் காய்ச்சல், தண்டு சுகமாக இருக்கிறது. இந்த எண்ணம் வந்ததும் எழுந்து ஓடிப்போய், பம்பின் நட்டைச் சுற்றிச் சுருளை மாட்டி, பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதும் வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நான் போட்டிருந்த ஒல்லி ஒயர் தாங்கவில்லை. ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "நேத்து தண்ணி, இன்னைக்கு கரண்ட்டு. நாளைக்கு காத்தையும் நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டாள். வாட்ச்மேன் ஃபியூஸ் போட்டான். தடித்த ஒயர் தேடி எடுத்தோம். அதற்குள் டீச்சரம்மாவும் புது வாளியோடு வந்து, இந்த முறை வாளியைத் தெருவிலேயே வைத்துவிட்டு, வாசற்படியில் நின்றார்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தெரிந்த எழுத்துக்களில் அது அடங்கவில்லை. ம்ம்ம் என்ற அந்தச் சத்தம். டீச்சரம்மா பழக்கதோஷத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். ஐந்தில் துருவிலிருந்து மண்ணெண்ணெய் ஆவியாகக் கொஞ்சம் கிளம்பியது. பத்தில் நட்டின் நிறம் கறுத்தது. பதினைந்தில், சம்பந்தி, உள்ளேயிருந்து சிவந்தது. வெளியிலிருந்து ஒன்றும் படவில்லை. யாரும் ஊதவில்லை, மூட்டவில்லை. அந்த இரும்பு தனக்குத்தானே எதையோ நினைத்துக்கொண்டு சிவப்பது போல இருந்தது. இருபதில் விடியற்காலைச் சூரியன் நிறம். பக்கத்தில் செய்தித்தாள் ஓரம்கூடப் பழுக்கவில்லை, அதில் உள்ள எழுத்தை நான் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் முடிந்தது. டீச்சரம்மாதான், "உள்ள யாரோ விளக்கு ஏத்தின மாதிரி இருக்கு" என்றார். நான் ஆயுசு முழுக்க நெருப்போடு இருந்தவன். இரும்பின் வெளிப்பக்கம்தான் இத்தனை வருஷம் எனக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லலாம் என்றால் புகையும் இல்லை.

சுருளை எடுத்துவிட்டு, ஸ்பேனர், பைப் போட்டு வாட்ச்மேன் இழுத்தான். வரவில்லை. மறுபடி இருபது எண்ணினோம், மறுபடி இழுத்தான், வரவில்லை. டீச்சரம்மாவும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து ஒரு கை பிடித்தார், என் வீட்டுக்காரி அவர் இடுப்பைப் பிடித்தாள், நான் அவள் தோளைப் பிடித்தேன். எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். வரவில்லை. மூன்றாம் தடவை இருபது எண்ணி முடித்து, ஸ்பேனரையும் பைப்பையும் மாட்டியாயிற்று. வாட்ச்மேன் தன் வழக்கமான இடத்துக்குப் போவதற்காக ஈரத் தரையில் மேஜையைச் சுற்றி நடந்தவன், செருப்பு வழுக்கி, விழாமல் இருக்கப் பைப்பை எட்டிப் பிடித்து, பிடித்தபடியே மறுபக்கமாகப் போய்த் தொப்பென்று விழுந்தான். கிறீச் என்று ஒரு சத்தம். அவன் எலும்புதான் என்று நினைத்தோம். நட்டு! கால் சுற்று வந்திருந்தது. அப்புறம் ஸ்பேனரை ஒரு விரலால் தள்ள, சுற்றிச் சுற்றி வந்து என் கையுறைமேல் உட்கார்ந்தது. வாட்ச்மேன் தரையில் கிடந்தபடியே கைதட்டினான். நான் உங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அது எந்தத் திசை என்று தெரியாததால் நாலு பக்கமும் கும்பிட்டேன்.

இவ்வளவும் கண்ணால் கண்ட நான் இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். கேஸ் டார்ச் ஒரு மகாவீரன், ஆனால் அறுக்கத்தான். கழற்றுவதற்கு உங்கள் பெட்டிதான். அது வீட்டை எரிக்காது, சீலை உருக்காது, டீச்சரம்மா வாளியைத் தொடாது. முக்கியமாக, என் கை நடுங்கினாலும் அதில் சுருள்தான் நடுங்கும், தீ நடுங்காது. ஆகவே நீங்கள் என் மகளிடம் இப்படிச் சொல்லவேண்டும்: அப்பா டார்ச்சைத் தொட்டது தப்பு. ஆனால் தொட்டதால்தான் அதன் குறை தெரிந்தது. இனி சிலிண்டரை அவளே பூட்டிவைத்துக்கொள்ளட்டும், நான் பெட்டியோடு மட்டும் இருந்துகொள்கிறேன். மின்சாரம் மூன்றே தடவையில் ஜெயித்ததற்கு நான் சாட்சி. இந்த ஒரு காரணத்துக்காகச் சாவி என்னிடமே இருக்கட்டும். நீங்கள் சொன்னால் அவள் தட்டமாட்டாள். உங்கள் கருவியின் மானமும் இதில் இருக்கிறது, மறக்கவேண்டாம்.

சம்பந்தியம்மா சீக்கிரம் கால் ஊன்றி, பிறகு ஊன்றுகம்பை வீசியெறிந்து, பிறகு எங்கள் வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வரவேண்டும். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதுமா என்று தெரியவில்லை. நீங்கள் ஆறு மாதம் மூத்தவர் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். ஆகவே உங்களுக்கு வணக்கமே.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: உறையில் வைத்த கடிதத்தை வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். இன்று காலை புதுப் பேரிங்கும் புது சீலும் போட்டு, விசிறியை ஏற்றி, அந்த நட்டைத் திரும்ப மாட்டப் போனேன். எல்லா நட்டையும் போல வலப்பக்கம் திருகினேன். ஏறவில்லை, கையோடு வந்தது. மறுபடி திருகினேன், மறுபடி வந்தது. சூட்டில் மரை போய்விட்டது, ஐந்து மாடிக்கும் இனி நான்தான் தண்ணீர் சுமக்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன், "ஐயா, சும்மா இப்படித் திருப்பிப் பாக்கட்டுமா?" என்று இடப்பக்கம் திருகினான். பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. நானும் குனிந்து பார்த்தேன். மரையே தலைகீழாக வெட்டியிருக்கிறது. தண்டு சுற்றுகிற வேகத்தில் நட்டு தானாக அவிழ்ந்துவிடக் கூடாது என்று யாரோ ஒரு மகராசன் யோசித்து அப்படிச் செய்திருக்கிறான். அதாவது, சம்பந்தி, நாங்கள் அந்த நட்டைக் கழற்றவே இல்லை. ஸ்பேனரிலிருந்து டீச்சரம்மா இடுப்புவரை அத்தனை பேரும் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தோம். ஆகவே கேஸ் டார்ச்சும் தோற்கவில்லை, உங்கள் பெட்டியும் ஜெயிக்கவில்லை. நட்டைக் கழற்றியது வாட்ச்மேனின் செருப்பு. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, "நட்டுல மரை நல்லாத்தான் இருக்கு. கழண்டது வேற எங்கேயோ" என்றாள்.

தண்ணீர் ஐந்தாம் மாடிவரை ஏறிவிட்டது. ஆனால் மேலே எழுதிய தீர்ப்பு ஒன்றுக்கும் உதவாது. அதை வைத்து எனக்காக வாதாடவேண்டாம், உங்கள் வாய்க்குத்தான் அவமானம். கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் மனம் வரவில்லை, என் ஆயுசில் முதல் கடிதம் இது. அப்படியே அனுப்புகிறேன். என் மகளிடமே கொடுத்துவிடுங்கள், அவளே படிக்கட்டும். பட்டறையைப் பூட்டிச் சாவியையும் இதோடு வைத்திருக்கிறேன். அவள் வைத்துக்கொண்டால் அது நியாயம்தான், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் ஒன்றே ஒன்று கேட்டு எழுதுங்கள்: இப்படித் தலைகீழாகப் பூட்டுகிற நட்டு உலகத்தில் இன்னும் எத்தனை இருக்கிறது, எந்தெந்த மிஷினில் இருக்கிறது? அவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். காலையிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.